தாத்தா துப்பாக்கி என்ன விலை?

பரண்ல தூங்குற ரெட்டைக் குழலுக்கு விலை போடுறது எப்படி? ஒரு இன்ஜினீயரிங் பார்வை!

வல்லம் வடகால் சிப்காட் பக்கம் போயிருக்கீங்களா பாஸ்? ஒரகடம் ரோட்டுல ஷிஃப்ட் பஸ்ஸுங்க வரிசை கட்டி நிக்குமே, அந்த ஏரியாதான். 2017-லேர்ந்து ராயல் என்ஃபீல்டு பைக்குங்க அங்கேயும் தயாராகுது. அந்த கம்பெனியோட பழைய கோஷம் என்ன தெரியுமா? 'மேட் லைக் எ கன்'. அதாவது, துப்பாக்கி மாதிரி செய்யப்பட்டது!

சும்மா பில்டப் இல்லை. 1890-கள்ல இங்கிலாந்துல சைக்கிள் பண்ணிட்டிருந்தவங்களுக்கு, என்ஃபீல்டு ஊர்ல இருந்த அரசுத் துப்பாக்கி ஆலைக்கு நுணுக்கமான பாகங்கள் செஞ்சு தர்ற ஆர்டர் கிடைச்சுது. அந்தப் பெருமையில வந்ததுதான் என்ஃபீல்டுங்கிற பேரு, லோகோவுல இருந்த பீரங்கி, 1893-ல வந்த அந்த கோஷம் எல்லாம். இன்னொண்ணும் சொல்றேன். உங்க அக்கா ஓட்டின 'பி.எஸ்.ஏ.' சைக்கிள் இருக்கே... அந்த மூணு எழுத்துக்கு விரிவாக்கம் 'பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ்'. 1861-ல பர்மிங்ஹாம் துப்பாக்கிப் பட்டறைக்காரங்க ஒண்ணு சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனி!

அந்தக் காலத்துல 'துல்லியமான வேலை'ன்னா அதுக்கு உதாரணமே துப்பாக்கிதான். இன்னிக்கு வல்லம் வடகால்ல போர் கேஜும் மைக்ரோமீட்டரும் வெச்சு சிலிண்டரை அளக்கிற அதே வித்தையை, நூறு வருஷத்துக்கு முன்னாடி பர்மிங்ஹாம்ல துப்பாக்கிக் குழலுக்குப் பண்ணிட்டிருந்தாங்க. அதனால பழைய ரெட்டைக் குழல் துப்பாக்கிக்கு விலை போடுற விஷயம் ஜமீன்தார் பேரன்களுக்கு மட்டுமானது இல்லை. மெக்கானிக்கல் படிக்கிற நம்மளுக்கும் செமையா புரியும்!

12-ன்னா என்ன 12?

முதல்ல பேரைத் தெரிஞ்சுக்குவோம். லைசென்ஸ் புத்தகத்துல 'டி.பி.பி.எல்.'னு போட்டிருக்கும். டபுள் பேரல் பிரீச் லோடிங். ரெண்டு குழல், நடுவுல மடக்கித் திறந்து பின்பக்கமா தோட்டா போடுற ரகம். ஒத்தைக் குழல்னா எஸ்.பி.பி.எல். வாய் வழியா வெடிமருந்து போட்டுக் கெட்டிக்கிற நாட்டுத்துப்பாக்கிக்கு எஸ்.பி.எம்.எல். இந்த எழுத்து ஒண்ணு மாறினாலே விலை, சட்டம் ரெண்டும் மாறிடும்.

அடுத்து '12 போர்'. நிறைய பேர் 12 மில்லிமீட்டர்னு நினைக்கிறாங்க. ம்ஹூம்... ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையா உருட்டுங்க. அதுல ஒரு உருண்டை எந்தக் குழல்ல சரியா நுழையுமோ, அதான் 12 போர்.

கால்குலேட்டரை எடுங்க. ஒரு பவுண்டு 453.6 கிராம். 12-ஆல வகுத்தா 37.8. ஈயத்தோட அடர்த்தி 11.34. அப்போ உருண்டையோட கன அளவு 3.33 கன சென்டிமீட்டர். விட்டம்? 18.5 மில்லிமீட்டர்! அங்குலத்துல 0.729. ஆக, நம்பர் கூடக் கூட குழல் சின்னதாகும். 16 போர், 12-ஐவிடச் சின்னது. 20 போர் அதைவிடச் சின்னது. இந்தக் கணக்கை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

நெத்தியில லண்டன்... வயித்துல லியேஜ்!

விலையை முடிவு பண்ற முதல் விஷயம், யார் செஞ்சதுங்கிறது. 1814-ல ஆரம்பிச்ச பர்டே, 1835-ல ஆரம்பிச்ச ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், 1812-ல பர்மிங்ஹாம்ல ஆரம்பிச்ச வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ்... இவங்கெல்லாம் இந்த உலகத்தோட சூப்பர் ஸ்டாருங்க. இன்னிக்கு பர்டேகிட்ட புதுசா ஒரு ரெட்டைக் குழல் ஆர்டர் பண்ணினா ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல ஆகும். அளவெடுத்து, கையால செஞ்சு தர்றதால காத்திருக்கவும் வேணும்.

இந்த மாதிரிப் பெரிய கம்பெனிங்க ஒவ்வொரு துப்பாக்கிக்கும் சீரியல் நம்பர் போட்டு லெட்ஜர்ல எழுதி வெச்சிருக்காங்க. நம்பரைச் சொன்னா எந்த வருஷம், யாருக்கு, எந்த அளவுல செஞ்சதுன்னு அந்தப் பதிவிலேர்ந்து எடுத்துச் சொல்ல முடியும். பைக்குக்கு சேசிஸ் நம்பர் மாதிரின்னு வெச்சுக்கோங்களேன். அது கிடைச்சா கதை பாதி முடிஞ்ச மாதிரி!

ஆனா, குழல் மேல இருக்கிற பேரு செஞ்சவர் பேராத்தான் இருக்கணும்னு அவசியம் இல்லை. கடைக்காரர் பேராவும் இருக்கலாம். மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் கடிகாரத்துக்குத்தான் ஃபேமஸ்னு நினைக்கிறோம். வெள்ளைக்காரன் காலத்துல அவங்க துப்பாக்கியும் வித்திருக்காங்க. இங்கிலாந்துல செஞ்சு, மெட்ராஸ் கடை பேரைப் பொறிச்சு வந்த சரக்கு அது. கல்கத்தாவுல மான்டன், ரோடா கடைங்க. ரோடா பேரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? 1914 ஆகஸ்ட் 26-ம் தேதி அந்தக் கடைக்கு வந்த சரக்குலேர்ந்துதான் 50 மவுசர் பிஸ்டலையும் 46,000 தோட்டாவையும் வங்கத்துப் புரட்சிக்காரங்க கடத்திட்டுப் போனாங்க!

சரி, பேரைப் பொய்யா பொறிச்சிருந்தா? அங்கேதான் இருக்கு சூட்சுமம். துப்பாக்கியைத் திறந்து குழலோட அடிப்பக்கத்தைப் பார்த்தா குட்டிக் குட்டி முத்திரைங்க இருக்கும். அதுக்குப் பேரு ப்ரூஃப் மார்க். ஒவ்வொரு குழலையும் வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கினா மட்டும் அடிக்கிற முத்திரை. நம்ம பாஷையில சொன்னா, க்யூ.சி. பாஸ்! பர்மிங்ஹாம் ப்ரூஃப் ஹவுஸ் 1813-ல நாடாளுமன்றச் சட்டம் மூலமா வந்தது. லண்டன்ல அதுக்கும் முன்னாடியே இருக்கு.

பெல்ஜியத்துல லியேஜ்னு ஒரு ஊர். அங்கேர்ந்து விலை குறைஞ்ச துப்பாக்கிங்க உலகம் பூரா போச்சு. சிலது பெரிய ஆளுங்க பேரைக் கொஞ்சமா மாத்தி எழுதிக்கிட்டு வந்தது. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸுக்குப் பதிலா வெறும் 'டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்'. நம்ம பர்மா பஜார்ல 'சோனி'க்குப் பக்கத்துல 'சோனா' இருந்த கதைதான்! ஆனா, மேல என்ன பேரு போட்டாலும், அடியில முட்டை வடிவத்துக்குள்ள 'இ.எல்.ஜி.'னு மூணு எழுத்து இருந்தா, அது லியேஜ் சரக்கு. நெத்தியில லண்டன், வயித்துல லியேஜ். விலை சட்டுனு இறங்கிடும். பெல்ஜியத்திலயும் அருமையான துப்பாக்கிங்க உண்டு, மறுக்கலை. ஆனா தன் பேரைச் சொல்லிக்கிட்டு வர்றது வேற, அடுத்தவன் பேரைச் சொல்லிக்கிட்டு வர்றது வேற இல்லையா?

வருஷத்தையும் முத்திரை காட்டிக் கொடுக்கும். இங்கிலாந்துத் துப்பாக்கியில 'நாட் ஃபார் பால்'னு அடிச்சிருந்தா, வாய் குறுகின 'சோக்' குழல், 1875-க்கும் 1887-க்கும் நடுவுல சோதிச்சது. 'நைட்ரோ ப்ரூஃப்'னு இருந்தா 1896-க்கு அப்புறம் புகையில்லா மருந்துக்குச் சோதிச்சது.

எஸ்.ஓ.எம். புக்கை எடுங்க!

ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்ல கடைசி யூனிட்டா 'தின் சிலிண்டர்' வருமே, 'இதெல்லாம் வாழ்க்கையில எதுக்கு?'னு கேட்டோமே... இதோ, இதுக்குத்தான்!

குழல் சுவர்ல வர்ற ஹூப் ஸ்ட்ரெஸ்னா, அழுத்தத்தை விட்டத்தால பெருக்கி, சுவர் தடிமனோட ரெண்டு மடங்கால வகுக்கிறது. தடிமன் பாதியானா ஸ்ட்ரெஸ் ரெட்டிப்பு. அவ்வளவுதான் விஷயம். நூறு வருஷப் பழைய துப்பாக்கியில என்ன நடக்கும்? உள்ள துரு குழி விழும். ஒரு பட்டறைக்காரர் உள்பக்கமா தேய்ச்சு பளபளன்னு ஆக்கித் தருவார். பார்க்க புதுசு மாதிரி இருக்கும். ஆனா தேய்ச்ச ஒவ்வொரு தடவையும் சுவர் மெலிஞ்சிருக்கும்!

நம்ம டூல்ரூம் அண்ணன்கள் 'பத்து தவ், இருபது தவ்'னு பேசுவாங்களே, ஒரு அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு, அதே கணக்குதான் இங்கேயும். குழலோட மெலிசான இடத்துல 20 தவ்வுக்குக் கீழ போனா பிரிட்டிஷ் வியாபாரிங்க முகம் சுளிப்பாங்க. 20 தவ்னா அரை மில்லிமீட்டர். உங்க பாக்கெட்ல இருக்கிற ஏ.டி.எம். கார்டே 0.76 மில்லிமீட்டர்! அதைவிட மெலிசான சுவருக்குள்ள வெடிக்குதுன்னு யோசிச்சுப் பாருங்க.

உள் விட்டத்துக்கும் கணக்கு இருக்கு. பின்முனையிலேர்ந்து 9 அங்குலம் உள்ள தள்ளி போர் கேஜ் விட்டு அளப்பாங்க. பழைய இங்கிலாந்துத் துப்பாக்கியில முத்திரை குத்தினப்போ இருந்த அளவைவிட 10 தவ் கூடிப் போச்சுன்னா, அது 'ப்ரூஃப் தாண்டினது'. இங்கிலாந்துல அப்படியே விக்கக் கூடாது. மறுபடி சோதனைக்கு அனுப்பணும், அங்கே வெடிச்சா போச்சு!

அடுத்து டமாஸ்கஸ். சில பழைய குழல்ங்க மேல பாம்புச் சட்டை மாதிரி அலை அலையா டிசைன் ஓடும். பார்த்தா சொக்கிப் போவீங்க. இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் அடுக்கி, முறுக்கி, ஒரு கம்பி மேல சுத்திச் சுத்திக் காய்ச்சி அடிச்சு ஒட்ட வெச்ச குழல் அது. புரோக்கருங்க இதைக் காட்டி, 'நம்ம ஊரு பழைய உருக்கு சார், விலை மதிக்க முடியாதது'ன்னு அளப்பாங்க. நம்பாதீங்க. நம்ம மூதாதைங்க மூசையில வெச்சு உருக்கின 'ஊட்ஸ்' எஃகு வேற ரகம். அதுல அலை, உருகி ஆறும்போது உள்ளேயே தானா உருவானது. துப்பாக்கி டமாஸ்கஸ்ல அலை, ஒட்டு போட்டதால வந்தது. ஒட்டு வெச்ச இடம்னா, உள்ள எங்கே துரு ஒளிஞ்சிருக்குன்னு வெளியிலேர்ந்து தெரியாது. தவிர, இதுல பெரும்பாலானவை கறுப்பு மருந்து காலத்துக்காகச் செஞ்சது. இப்போ கடையில கிடைக்கிற புகையில்லா மருந்துத் தோட்டாவோட அழுத்தம் வேற மாதிரி. சேகரிக்கிறவருக்கு டமாஸ்கஸ் அழகு. சுடணும்னு வாங்குறவருக்கு அது ரிஸ்க். ஒரே பொருள், ரெண்டு விலை!

தோட்டா அறையோட நீளமும் முக்கியம். பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிங்க நிறைய ரெண்டரை அங்குலத் தோட்டாவுக்குச் செஞ்சது, சுமார் 65 மில்லிமீட்டர். இப்போ பரவலா இருக்கிறது 70. நம்ம நாட்டுல 12 போர் தோட்டாவுக்குத் தெரிஞ்ச பேரு 'ஷக்திமான்'. உடனே சிவப்பு டிரெஸ் போட்டுச் சுத்துற டி.வி. ஹீரோ ஞாபகம் வருதா? இது வேற. புனே பக்கம் கட்கியில இருக்கிற அரசு ஆலையில தயாராகுற தோட்டா. 65 அறையில 70 தோட்டாவைப் போடுறது, சின்ன டம்ளர்ல பெரிய காபி ஊத்துற கதை மாதிரி இல்லை... விரல் போற கதை. அதனால 'இது இன்னிக்குக் கிடைக்கிற தோட்டாவுக்குத் தாங்குமா?'ங்கிற கேள்விக்கு பதில் என்னவோ, அதுதான் இந்தியாவுல அதோட பாதி விலை.

பாலிஷ் போட்டா போச்சு!

விலையை ஏத்துற மத்த விஷயங்களை இன்டர்னல் மார்க் மாதிரி வரிசையா பார்த்துடுவோம்.

பூட்டு: விசை இயங்குற பாகம் உள்ள பெட்டிக்குள்ள இருந்தா பாக்ஸ்லாக். 1875-ல வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ்ல வேலை பார்த்த ஆன்சனும் டீலியும் கண்டுபிடிச்சது. பாகம் கம்மி, உறுதி ஜாஸ்தி, செய்றது சுலபம். ரெண்டு பக்கமும் தனித் தகடுல பூட்டு வெச்சிருந்தா சைடுலாக். கைவேலை அதிகம், அதனால பொதுவா விலையும் அதிகம்.

எஜெக்டர்: சுட்ட தோட்டாவை மட்டும் தானா துள்ளி வெளியே தள்ளுச்சுன்னா கூடுதல் மார்க். வெறுமனே கொஞ்சம் தூக்கிக் கொடுத்தா கம்மி.

ஜோடி: பணக்காரங்க வேட்டைக்கு ரெண்டு துப்பாக்கி ஒரே அச்சுல செஞ்சு வாங்குவாங்க. 1, 2-ன்னு நம்பர் போட்டிருக்கும். ரெண்டும் பிரியாம இருந்தா, தனித்தனி விலையோட கூட்டுத் தொகையைவிட அதிகம் கிடைக்கும். அண்ணன் தம்பி ஆளுக்கு ஒண்ணா பிரிச்சுக்கிட்டா, ரெண்டு பேருக்கும் நஷ்டம்!

ஒரிஜினல்: இதுதான் ரொம்ப முக்கியம். 'விக்கிறதுக்கு முன்னாடி பாலிஷ் போட்டு, கட்டைக்கு வார்னிஷ் அடிச்சு, புதுசா நீலம் ஏத்திட்டா நல்ல விலை போகும்'னு நினைக்கிறது நம்ம ஊரு பழக்கம். பழைய புல்லட்டுக்கு க்ரோம் அடிச்சு விக்கிற புத்தி அது. துப்பாக்கியில நேர் எதிர். கையால செதுக்கின பூ வேலை தேயும். முத்திரை மழுங்கும். முத்திரை போச்சுன்னா சாட்சி போச்சு. அழுக்கோட இருக்கிற அசலுக்கு, பளபளக்கிற தேய்ஞ்சதைவிட மதிப்பு அதிகம்.

கதை: 2019 மார்ச் மாசம் இங்கிலாந்துல பெர்க்‌ஷயர் பகுதியில ஒரு ஏலம். ஒரு குடும்பத்தோட பரண்ல கிடந்த சாமான்கள். 1799-ல ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தப்போ கிழக்கிந்தியக் கம்பெனி மேஜர் ஒருத்தர் எடுத்துட்டுப் போனது. அதுல வெள்ளி வேலைப்பாடு செஞ்ச ஒரு 20 போர் துப்பாக்கி, திப்பு சுல்தானோட ஆயுதசாலையைச் சேர்ந்தது, 60,000 பவுண்டுக்குப் போச்சு! ரெட்டைக் குழல்கூட இல்லை, ஒத்தைக் குழல். நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துப் புள்ளலூர்ல 1780 செப்டம்பர் 10-ம் தேதி கர்னல் பெய்லியோட படையைத் தோக்கடிச்ச அதே திப்பு. விலை இரும்புக்கு இல்லை பாஸ்... பேருக்கு. ஆனா அந்தப் பேருக்கு ஆதாரம் இருந்தது. 'எங்க கொள்ளுத் தாத்தாவுக்கு கவர்னர் கொடுத்தது'ன்னு வாயால சொன்னா சைபர் மார்க். கடிதம், பழைய ரசீது, லைசென்ஸ் புத்தகம், போட்டோ... ஏதாவது ஒண்ணு வேணும்.

லண்டன் விலை இங்கே செல்லாது!

இவ்வளவும் படிச்சதும் நெட்ல தேடி, டாலர்ல போட்டிருக்கிற விலையை ரூபாய்க்கு மாத்தி, 'ஆஹா, லட்சாதிபதி!'ன்னு குதிக்காதீங்க. விலைங்கிறது பொருள்ல மட்டும் இல்லை. யார் வாங்க முடியும், எங்கே விக்க முடியும்ங்கிறதுல இருக்கு.

1972-ல ரெண்டு சட்டம் வந்தது. ஒண்ணு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். 1991 திருத்தத்தோட வேட்டைக்கு மொத்தமா மூடுவிழா. வாங்கின காரணமே போச்சு. பயிர்ப் பாதுகாப்பு, தற்காப்பு, விளையாட்டு... இதுக்கு மட்டும்தான் இப்போ தேவை. ரெண்டாவது, தொல்பொருள் சட்டம். சரித்திர மதிப்புள்ள, 100 வருஷம் தாண்டின பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அதாவது 1900-ல செஞ்ச நல்ல துப்பாக்கி லண்டன் ஏலத்துக்கே போக முடியாது. லண்டன் விலை உங்க கண்ணுக்குத் தெரியும், கைக்கு வராது!

அதுக்கு எதிர்ப்பக்கம் ஒரு விஷயம். 1980-களோட நடுவுலேர்ந்து வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. புதுசு வராததால, ஏற்கெனவே உள்ள இருக்கிற வெளிநாட்டுச் சரக்குக்கு கிராக்கி. இது விலையை ஏத்தும். அப்புறம் 2019 டிசம்பர்ல ஆயுதச் சட்டத் திருத்தம் வந்தது. ஒருத்தர் மூணு துப்பாக்கி வெச்சுக்கலாம்னு இருந்ததை ரெண்டா குறைச்சாங்க. பரம்பரையா வந்ததும் அந்த ரெண்டுக்குள்ளதான். மூணாவதை ஒரு வருஷத்துக்குள்ள ஒப்படைக்கணும்னு சொன்னா, யார் எதை விட்டுக்கொடுப்பாங்க? பிஸ்டலை வெச்சுக்கிட்டு, தாத்தாவோட நீளமான ரெட்டைக் குழலைத்தானே! விக்கிறவங்க ஜாஸ்தி, வாங்குறவங்க கம்மின்னா விலை எந்தப் பக்கம் போகும்னு எகனாமிக்ஸ் படிக்காதவங்களுக்கும் தெரியும்.

இங்கிலாந்திலயும் காத்து மாறுது. ஈய ரவைக்குத் தடை வரப்போகுதுன்னு 2025-ல அங்கே அறிவிச்சாங்க. எஃகு ரவை கடினமானது, பழைய மெலிசான குழலுக்கு ஒத்துக்காது. பெரிய பேரு இல்லாத சாதாரணப் பழைய துப்பாக்கிங்களுக்கு இது நல்ல சேதி இல்லை.

'பழசுதானே, ஆன்ட்டிக்... லைசென்ஸ் எதுக்கு?'ன்னு கேக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவுல 1898 அல்லது அதுக்கு முன்னாடி செஞ்சதுன்னா ஆன்ட்டிக்னு தனி வகை. நம்ம 1959 ஆயுதச் சட்டத்துல வயசு மட்டும் போதாது. ரிப்பேர் பண்ணினாலும் சுட முடியாத நிலையில இருந்தாத்தான் விலக்கு. தோட்டா போட்டா வெடிக்கும்னா, அது 150 வயசுத் தாத்தாவா இருந்தாலும் லைசென்ஸ் வேணும். இல்லைன்னா ஜெயில்!

ஆக, நடைமுறையில விலை போடுறது எப்படி? நம்ம நாட்டுல செய்ற புது 12 போர் ரெட்டைக் குழலோட விலையைத் தரைன்னு வெச்சுக்கோங்க. பேரு இல்லாத, தேய்ஞ்ச பழசு அந்தத் தரைக்குக் கீழேதான் போகும். யாராவது புதுசு விலைக்குப் பழைய ரிஸ்க்கை வாங்குவாங்களா? நல்ல பேரு, தடிமனான குழல், தெளிவான முத்திரை, கையில ஆதாரம்... ஒவ்வொண்ணும் ஒரு படி மேல ஏத்தும். உச்சியில எவ்வளவுன்னு முடிவு பண்றது, லைசென்ஸ் வெச்சிருக்கிற சேகரிப்பாளர் அந்த மாசம் எத்தனை பேர் போட்டி போடுறாங்கங்கிறது மட்டும்தான்.

பேப்பர் வேணாம்... கையில காசு!

வல்லம் வடகால் பக்கத்துக் கிராமத்துல என் க்ளாஸ்மேட் ஒருத்தன் வீடு. பழைய ஓட்டு வீட்டை இடிச்சு, மாடி மாடியா ரூம் கட்டி, கம்பெனிப் பசங்களுக்கு வாடகைக்கு விட ப்ளான். அந்த ஏரியாவுல இப்போ அதான் விவசாயம்! நடுவுல தாத்தா காலமாயிட்டார். காரியம் முடிஞ்சு பீரோவைத் திறந்தா, வேட்டியில சுத்தின ரெட்டைக் குழல். ஏரிப் பாசனமும் நெல்லுமா இருந்த காலத்துல காட்டுப்பன்னிக்காக பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ்ல வாங்கினது.

விஷயம் எப்படித்தான் கசிஞ்சதோ, ரெண்டே நாள்ல ஒரு ஆள் வந்துட்டார். 'பேரு இங்கிலீஷ்ல இருக்கு. நல்ல சரக்கு. பேப்பர் எதுவும் வேணாம், நாளைக்கே கையில காசு.' கடக்கால் போட்டு கம்பி கட்டப் பணம் தேவைப்பட்ட நேரம். க்ளாஸ்மேட்டோட அப்பாவுக்கு மனசு ஆடிப்போச்சு. அவனோட பாட்டிதான் ஒரே வார்த்தை கேட்டாங்களாம்: "நாளைக்கு அது எவன் நெஞ்சுல வெடிச்சாலும், அதுல இருக்கிறது உங்கப்பன் பேருதானடா?"

பாட்டி சொன்னது நூத்துக்கு நூறு சட்டம்! அந்த நம்பர் தாத்தா லைசென்ஸ்ல இருக்கு. துப்பாக்கி எங்கே போய் எந்தக் கேஸ்ல சிக்கினாலும், நூல் பிடிச்சு வந்தா இந்த வாசல்லதான் வந்து நிக்கும். அடுத்த நாள் காலையில அப்பாவும் பெரியப்பாவும் லைசென்ஸ் புத்தகம், இறப்புச் சான்றிதழோட ஸ்டேஷன் போய் ஒப்படைச்சு ரசீது வாங்கிட்டாங்க.

அப்புறம் முறைப்படி, லைசென்ஸ் உள்ள ஒரு ஆயுத வியாபாரி பார்த்தார். நெத்தியில இங்கிலீஷ் பேரு. வயித்துல..? இ.எல்.ஜி.! ஒரு குழல்ல குழி. கட்டையில பழைய ஒட்டு. புரோக்கர் சொன்ன தொகையில பாதிகூட வரலை. 'அப்போ அந்த ஆள் எதுக்கு அவ்ளோ தர்றேன்னார்?'னு இவன் கேட்டிருக்கான். வியாபாரி சிரிச்சுட்டு, "அவன் துப்பாக்கிக்கு விலை சொல்லலை தம்பி... பேப்பர் இல்லாததுக்கு விலை சொன்னான்"னாராம்.

யோசிச்சுப் பாருங்க. கணக்கில்லாத துப்பாக்கிக்கு அதிக விலை கொடுக்கிறவன், அதை ஷோகேஸ்ல வைக்கவா வாங்குவான்? மார்க்கெட் விலைன்னு நாம தேடுறோமே, அதைவிட யாராவது ரொம்ப அதிகமா தர்றேன்னா, சந்தோஷப்பட வேண்டிய நேரம் இல்லை அது. பயப்பட வேண்டிய நேரம்!

உங்க வீட்ல இருந்தா..?

* முதல் வேலை, தொடாதீங்க. திறந்து பார்க்கிறது, விசையை இழுத்துப் பார்க்கிறது, செல்ஃபி... எதுவும் வேணாம். பழைய தோட்டா உள்ளேயே இருக்கலாம்.

* லைசென்ஸ்தாரர் இறந்துட்டா, தாமதிக்காம பக்கத்து போலீஸ் ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள வியாபாரிகிட்டயோ ஒப்படைச்சு ரசீது வாங்கணும். காயலான் கடைக்குப் போடுறது, கிணத்துல வீசுறது எல்லாம் குத்தத்தை மறைக்கிற வேலையாத்தான் பார்க்கப்படும்.

* ஒப்படைச்சதோட மறந்துடாதீங்க. குறிச்ச காலத்துக்குள்ள வாரிசு பேர்ல லைசென்ஸ் வாங்கணும், இல்லை முறைப்படி வித்துப் பணத்தை வாங்கிக்கணும். காலம் தாண்டினா அரசாங்கத்துக்குப் போயிடும்.

* வாரிசு லைசென்ஸுக்கு 2016 ஆயுத விதிகள்ல வழி இருக்கு. லைசென்ஸ்தாரர் உயிரோட இருக்கும்போதே, 70 வயசு ஆனாலோ, 25 வருஷம் அந்தத் துப்பாக்கியை வெச்சிருந்தாலோ வாரிசுக்கு மாத்தலாம். மனு கலெக்டர் ஆபீஸுக்கு, சென்னை மாதிரி மாநகரம்னா கமிஷனர் ஆபீஸுக்கு.

* விலை கேக்கணும்னா லைசென்ஸ் உள்ள ரெண்டு மூணு வியாபாரிகிட்ட கேளுங்க. எழுத்துல வாங்குங்க. சீரியல் நம்பர், முத்திரைங்களை போட்டோ எடுக்கச் சொல்லி வெச்சுக்கோங்க. தனி ஆளுக்கு விக்கிறதா இருந்தா, அவர்கிட்ட லைசென்ஸ் இருக்கணும். அதிகாரிக்கு எழுத்துல தெரிவிச்சு 45 நாள் பொறுக்கணும்.

* பாலிஷ், வார்னிஷ் கூடவே கூடாது!

ரெட்டைக் குழலோட காலமே முடிஞ்சு போச்சான்னா, இல்லை. குடகுல கைல்போல்து பண்டிகை அன்னிக்கு துப்பாக்கிக்குப் பூ வெச்சுக் கும்பிடுறாங்க. அது அவங்களுக்கு விக்கிற பொருளே இல்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ல ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வெள்ளி வாங்கினது டபுள் ட்ராப்ல, ரெட்டைக் குழலால. புதுக்கோட்டை மன்னர் குடும்பத்து பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல ட்ராப் பிரிவுல இறங்கினப்போ அவர் தோள்ல இருந்ததும் ரெட்டைக் குழல்தான். குழல் பக்கத்துல பக்கமா இல்லாம, ஒண்ணு மேல ஒண்ணு. வேட்டைக்குப் போன பரம்பரை ஆயுதம், இப்போ களிமண் தட்டைக் குறி வைக்குது. நல்ல மாற்றம்தானே!

என் க்ளாஸ்மேட்டோட அப்பா இன்னும் முடிவு பண்ணலை. வித்தா ஒரு ரூமுக்கு டைல்ஸ் போடுற காசு வரும்கிறார். அப்பா கைபிடிச்சுத் தேய்ஞ்ச கட்டைக்கு யார் விலை போடுறதுன்னும் கேக்கிறார். இவனுக்கு அதைத் தன் பேர்ல மாத்திக்க ஆசை. ஆனா சட்டப்படி 21 வயசு ஆகணும், நம்மள மாதிரியே அவனுக்கும் ஒரு வருஷம் பாக்கி. அதுக்குள்ள அந்த இ.எல்.ஜி. முத்திரை எந்த வருஷத்துதுன்னு கண்டுபிடிக்கிறேன்னு போட்டோவை வெச்சுக்கிட்டு லைப்ரரியில உக்காந்திருக்கான். செமஸ்டருக்குக்கூட பய இப்படிப் படிச்சதில்லை!